எலுமிச்சை தின்ற டீசல் இஞ்சின்

அத்தியாயம் 5

“வீடு புகுந்து திருடுறவனக் கேள்விப்பட்டிருக்கேன். வீடு புகுந்து பெயிண்ட் அடிச்சிட்டுப் போறவன இப்பத்தான் கேள்விப்படுறேன்,” என்றான் ரூபேந்திரன். “ஆள் கெடைச்சா நம்பர் வாங்கி வைங்க ஆச்சி. எங்க வீட்டு கேட்டு துருப்பிடிச்சுக் கெடக்கு.”

நாச்சம்மை காரை விட்டு இறங்கினார். கெலாங் பாத்தாவின் பத்து மணி வெயில் அப்போதே மண்டையைப் பிளந்தது.

ஜொகூர் பாருவில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது நாச்சம்மையின் துப்பறியும் அலுவலகம். அதற்கு முன் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் பொய் விபத்துகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவர். ஊருக்குள் அவருக்கு ஒரு பெயர் உண்டு. ஆச்சியிடம் போனால் உண்மை கிடைக்கும், ஆறுதல் கிடைக்காது. நல்லதுக்குக்கூட ஒரு பொய் சொல்ல மாட்டார். இதனால் அலுவலகம் இழந்த வாடிக்கையாளர்களை நினைத்து ரூபேந்திரன் அவ்வப்போது பெருமூச்சு விடுவான்.

ரூபேந்திரன் சிங்கப்பூர் தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு வந்தவன். வேலை பிடிக்காமல் இல்லை. தினமும் எல்லை தாண்டும் பாலத்து நெரிசலில் மோட்டார் சைக்கிளோடு நின்று நின்று, தன் வாலிபத்தில் பாதியைப் புகையாகக் குடித்துவிட்டதாக அவனுக்கு ஒரு கணக்கு. ஆச்சியிடம் சம்பளம் குறைவு, ஆனால் வாய்க்குப் பூட்டு இல்லை. அது அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

கதவைத் திறந்தவர் ஐயாசாமி. பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் கட்டும் கைலியைக்கூட இஸ்திரி போட்டுக் கட்டியிருந்தார். வணக்கம்கூட முழுதாகச் சொல்லாமல் பூட்டியிருந்த பின்னறையைத் திறந்து அவர்களை உள்ளே அழைத்துப் போனார்.

அங்கே கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரி. அதன் நடுத்தட்டில் வெள்ளைத் துண்டு விரித்து, அதன்மேல் ஒரு சாண் நீளத்தில் மூன்று பொம்மை ரயில் டீசல் இஞ்சின்கள் நின்றன. மேலே பாலாடை நிறம், கீழே அரக்குச் சிவப்பு, இரண்டுக்கும் நடுவே மயிரிழை பிசகாத மஞ்சள் கோடு. பக்கவாட்டில் வெள்ளை எண்கள்.

“அழகா இருக்கே அங்கிள்,” என்றான் ரூபேந்திரன்.

“அழகா இருக்கறதுதான் தம்பி பிரச்சனை!” ஐயாசாமிக்குக் குரல் ஏறியது. “நாங்க ரெண்டு நாள் மெர்சிங் போயிருந்தோம், சொந்தக்காரங்க வீட்டு விசேஷம். போறப்ப இதுங்க வெறும் சாம்பல் கலர். லோஷினி பொறந்த வருஷம் வாங்கினது. இன்னிக்கி வரைக்கும் பெயிண்ட் பாக்காத இஞ்சினுங்க. திரும்பி வந்து பார்த்தா, இப்படி நிக்குது.”

“லோஷினி?”

“என் தம்பி மக.” அந்தப் பேச்சை அவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார். “போலீஸ்ல போய்ச் சொன்னேன். அந்த இன்ஸ்பெக்டர் சிரிப்ப அடக்க முடியாம எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. யாரு செஞ்சதுன்னு எனக்கு ஞாயித்துக்கெழமைக்குள்ள தெரியணும் ஆச்சி.”

“ஞாயித்துக்கெழமை என்ன?” என்றார் நாச்சம்மை.

“அது ஒங்களுக்கு வேண்டாம்.”

நாச்சம்மை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அலமாரி முன் குனிந்தார். பூட்டு உடைபடவில்லை. பெயிண்ட் வாசனையும் இல்லை. அறையின் ஒரே ஜன்னல் அலமாரிக்கு இடப்பக்கம் இருந்தது. அதன் வழியே காலை வெயில் நேராகத் தட்டில் விழுந்துகொண்டிருந்தது. ஆச்சி ஜன்னலைப் பார்த்தார், இஞ்சினைப் பார்த்தார், மறுபடியும் ஜன்னலைப் பார்த்தார்.

“அண்ணே, இந்த அலமாரிய எப்பவாச்சும் எடம் மாத்தினீங்களா?”

“இல்ல. வாங்கினதுலேர்ந்து இங்கதான் நிக்குது. எதுக்கு?”

“சும்மாத்தான்.”

ஆச்சி ‘சும்மாத்தான்’ என்றால் அது சும்மா இல்லை என்று ரூபேந்திரனுக்குத் தெரியும். ஆனால் என்ன என்று தெரியவில்லை. அதுதான் அவனுக்கு எரிச்சல்.

“இந்த நம்பர் ஒட்டறது எப்படிண்ணே?”

இந்தக் கேள்விக்கு மட்டும் ஐயாசாமியின் முகம் மலர்ந்தது. “டெகால்னு சொல்வாங்க ஆச்சி. ஒரு தாள்ல நம்பர் அச்சடிச்சிருக்கும். வெட்டித் தண்ணியில ஊறப்போட்டா, வெங்காயத் தோல்ல பாதிகூட இருக்காது, அம்புட்டு மெல்லிசா கழண்டு வரும். அத வழுக்கி எறக்கி எடத்துல உக்கார வைக்கணும். மூச்சு விட்டாக்கூட மடிஞ்சு போயிரும்.”

ரூபேந்திரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது இஞ்சினைத் தூக்கித் திருப்பினான். சுவரைப் பார்த்திருந்த அதன் மறுபக்கத்தில் எண் இல்லை.

“ஆச்சி, இந்தப் பக்கம் மொட்டையா இருக்கு. வேலை முடியறதுக்குள்ள ஆளுக்கு டீ டைம் வந்திருச்சு போல.”

“அப்படியா? நான் கவனிக்கலயே,” என்றார் ஐயாசாமி, மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு. கைலிக்கு மடிப்புக் கலையாத மனிதர் இதைக் கவனிக்கவில்லை என்பதை ரூபேந்திரனே நம்பவில்லை.

நாச்சம்மை இஞ்சினைக் கையில் வாங்கினார். அதன் மூக்கில் கடுகளவுக்கு ஏதோ ஒன்று காய்ந்திருந்தது. சந்தனம். அதன் நடுவே ஊசிமுனையளவு குங்குமம். பிறகு அதைத் தலைகீழாகத் திருப்பி, கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி, சக்கரங்களின் இடுக்கில் விட்டு நெம்பினார். உள்ளங்கையில் ஒரு சிறிய விதை விழுந்தது. அதைச் சுற்றியிருந்த சக்கரங்களில் பளபளப்பு போய், திட்டுத் திட்டாக மங்கியிருந்தது.

விதையை முகர்ந்து பார்த்துவிட்டு அவனிடம் நீட்டினார்.

“லீமாவ் கஸ்தூரி,” என்றான் ரூபேந்திரன். கோலிக்குண்டு அளவில் இருக்கும் அந்தச் சின்ன எலுமிச்சையை அவனுக்குத் தெரியாமல் போகுமா? தினமும் சாப்பாட்டுக்கு லீமாவ் ஐஸ் குடிப்பவன். “இஞ்சினுக்கும் வெயில் தாங்கல ஆச்சி. ஜூஸ் கேட்டிருக்கு.”

“இத நான் ஒரு நாளைக்கு எடுத்துட்டுப் போறேண்ணே.”

ஐயாசாமி தயங்கினார். பிறகு ஒரு பழைய பிஸ்கட் டின்னில் பஞ்சு வைத்து, இஞ்சினைப் பிள்ளையைப் படுக்க வைப்பது போலப் படுக்க வைத்துக் கொடுத்தார்.

அடுக்களையில் அவர் மனைவி பேச்சியம்மாள் பால் கலக்காத தே ஓ ஆற்றிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஆச்சி, ஒரு ஒதவி செய்யணும். கண்டுபிடிச்சிராதீங்க.”

ரூபேந்திரனுக்குத் தேநீர் புரை ஏறியது. “ஆன்ட்டி, அங்கிள் கண்டுபிடிக்கச் சொல்றாரு, நீங்க கண்டுபிடிக்காதன்னு சொல்றீங்க. நாங்க பாதி கண்டுபிடிக்கட்டுமா?”

“வெளையாடாத தம்பி. அந்தப் பிள்ள கல்யாணம் இதுலதான் நிக்குது.”

கதை அப்போதுதான் வெளியே வந்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு தீபாவளி. ஐயாசாமியின் தம்பி விஜயன் வீட்டில் சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்தது. சாப்பிட்டு முடித்த கலகலப்பில் விஜயன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “எங்கண்ணன் அந்த மூணு இஞ்சினுக்கும் பெயிண்ட் அடிச்சு முடிக்கறதுக்குள்ள, எம்மவ லோஷினிக்குக் கல்யாணமே முடிஞ்சிரும்” என்றார். பந்தியே சிரித்தது. லோஷினிக்கு அப்போது பதினைந்து வயது. அவளும் சிரித்தாள்.

ஐயாசாமி சிரிக்கவில்லை. எழுந்து நின்று, பெயிண்ட் அடித்து, எண் ஒட்டி, மூன்றையும் முழுசாக முடிக்கும்வரை உன் வீட்டு வாசலையும் கடை வாசலையும் மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு வந்துவிட்டார்.

“அன்னிக்கி வந்தவருதான். இந்த ஞாயித்துக்கெழம லோஷினிக்குக் கல்யாணம். நாங்க பெத்தது இல்ல ஆச்சி, அவதான் எங்களுக்கும் மக. ‘பெரியப்பா வந்து எங்கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாத்தான் மண்டபத்துக்குக் கெளம்புவேன்’னு உக்காந்திருக்கா. இவரு பேசாம இருக்காரு. அந்த ரூம பதினோரு வருஷமா பூட்டியே வச்சிருக்காரு, என்னையக்கூட உள்ள விட்டதில்ல. அதான் நாங்க மெர்சிங் போனப்ப, இவருக்குத் தெரியாம ரூம் சாவியையும் அலமாரிச் சாவியையும் எடுத்து அவகிட்ட குடுத்தேன். ‘நானே அடிச்சு முடிச்சிடறேன் பெரியம்மா’ன்னா.” பேச்சியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இப்ப எல்லாம் முடிஞ்சிருச்சு. இவரு கெளம்ப வேண்டியதுதானே? இல்ல, ஆள் வச்சு விசாரிக்கறாரு. தம்பி வீட்டுக் கை இதுல இருக்குன்னு தெரிஞ்சா, ஏமாத்துன்னு சொல்லிட்டு இவரு போகவே மாட்டாரு ஆச்சி.”

நாச்சம்மை தேநீரைக் குடித்து முடித்தார். “ஒங்க வீட்டுல லீமாவ் கஸ்தூரி வாங்குவீங்களா?”

“அது எதுக்கு? பெரிய எலுமிச்சம்பழம்தான் வாங்குவோம்.”

காரில் ஏறியதும் ரூபேந்திரன் கையைத் தட்டினான். “முடிஞ்சுச்சு ஆச்சி! அடிச்சது கல்யாணப் பொண்ணு. சாட்சி பெரியம்மா. ஆபீசுக்குப் போலாமா, இல்ல சாப்பிடப் போலாமா?”

“லீமாவ்?”

“அவ ஜூஸ் குடிச்சுக்கிட்டே அடிச்சிருப்பா.”

“ஜூஸ் குடிக்கறவ இஞ்சினுக்குக் குங்குமம் வைப்பாளா? நம்ம ஆளுங்க சந்தனம் குங்குமம் வச்சு, சக்கரத்துக்குக் கீழ எலுமிச்சம்பழம் வைக்கறது எதுக்கு?”

“புது வண்டிக்கு. கோயில்ல பூஜை போடறப்ப…” அவன் பேச்சு பாதியில் நின்றது. கையிலிருந்த பிஸ்கட் டின்னைப் பார்த்தான். “அலமாக்! இதுக்கா? பொம்மை இஞ்சினுக்கா வண்டி பூஜை போட்டாங்க?”

“பெரிய எலுமிச்சம்பழத்து மேல இந்த இஞ்சின் ஏறாது. அதான் சின்னது தேடியிருக்காங்க. இது கல்யாண வேலையில ஓடிட்டிருக்கற பொண்ணுக்குத் தோணாது ரூபன். தெனம் வண்டியோட பழகறவனுக்குத்தான், எது சக்கரத்துல நின்னாலும் அது வண்டியாத் தெரியும். விஜயன் என்ன கடை வச்சிருக்காருன்னு கேட்டியா?”

கேட்கவில்லை. ஆச்சி கேட்டிருந்தார். கார் ஸ்கூடாய் பக்கம் திரும்பியது.

விஜயனின் கடை வாகன எண் பலகையும் ஸ்டிக்கரும் செய்யும் கடை. இவர்கள் போனபோது வாசலில் ஒரு புத்தம்புதுக் கார் நின்றது. எண் பலகையைத் திருகாணி போட்டு முடுக்கிக்கொண்டிருந்தவர் ஐயாசாமியின் அதே மூக்கும், அதற்கு நேர்மாறான கசங்கிய சட்டையுமாக இருந்தார். முடுக்கி முடித்ததும் துணியால் துடைத்தார். பிறகு கடைக்குள்ளிருந்து ஒரு தட்டை எடுத்து வந்து, காரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இட்டு, நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்.

“எடுங்க தம்பி, முன்னாடி எடுங்க.”

கார் நகர்ந்தது. நான்கு பழமும் நசுங்கின. வண்டிக்காரர் கும்பிட்டுவிட்டுப் போனார். தட்டில் மீதி இருந்ததை ரூபேந்திரன் எட்டிப் பார்த்தான். பெரிய எலுமிச்சை ஒரு பக்கம். லீமாவ் கஸ்தூரி ஒரு பக்கம்.

“அங்கிள், இந்தச் சின்னது எதுக்கு?”

“அது மோட்டார் சைக்கிளுக்கு. நம்பர் ஒட்டின வண்டி பூஜை இல்லாம என் கடைய விட்டு எறங்காது தம்பி. சீனருங்க வண்டியா இருந்தாலும் சரி, மலாய்க்காரங்கன்னா கேட்டுப் பார்த்துட்டு, வேணாம்னா விட்டுடுவேன். ஒங்களுக்கு என்ன வண்டி?”

நாச்சம்மை பிஸ்கட் டின்னை மேசைமேல் வைத்துத் திறந்தார்.

“இந்த வண்டிண்ணே. பூஜை ஏற்கெனவே ஆயிருச்சு.”

விஜயன் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

“அண்ணன் அனுப்பினாரா?”

“ஆமா.”

“திட்டினாரா?”

அந்த மனிதர் திட்டை எதிர்பார்த்தே நின்றுகொண்டிருந்தார். பதினோரு வருடமாக அதுகூடக் கிடைக்காதவர்.

“லோஷினிதான் துண்டுல சுத்தி எடுத்துட்டு வந்தா,” என்றார் விஜயன். “அப்பா, மூணு வண்டிக்கு நம்பர் வேணும்னா. பிரிச்சுப் பார்த்தேன், கை ஓடல. கடை ஆளுங்க ஒட்டறோம்னாங்க. யாரும் தொடாதீங்கன்னுட்டேன். வெள்ள மையில அச்சடிக்கற மெஷின் இந்தப் பக்கத்துல என்கிட்டதான் இருக்கு. நானே அச்சடிச்சு, நானே ஒட்டினேன். ஒட்டினப்புறம் சும்மா அனுப்ப மனசு வரல. லீமாவ ரெண்டா வெட்டி வச்சு, மெதுவா உருட்டினேன்.”

“மூணாவது வண்டிக்கு ஒரு பக்கம் ஏன் விட்டுட்டீங்க?”

விஜயன் மேசை இழுப்பறையைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வைத்தார். உள்ளே விரல் நகமளவு தாளில் நான்கு வெள்ளை எண்கள்.

“சத்தியம் பண்ணது அண்ணன். கடைசி நம்பரையும் நான் ஒட்டிட்டா, அது நான் முடிச்சதா ஆயிரும். அவரு வாக்க அவருதான் முடிக்கணும். நான் யாரு அதுல?”

ரூபேந்திரன் குனிந்து இஞ்சினைப் பார்த்தான். “பெயிண்டும் பிரமாதம் அங்கிள். அந்த மஞ்சக் கோடு சான்சே இல்ல.”

“பெயிண்டா? நான் எங்க அடிச்சேன்? எனக்கு ஸ்டிக்கர்தான் தெரியும். வரும்போதே பெயிண்டோடதான் வந்துச்சு. எம்மவ அடிச்சிருக்கா.”

நாச்சம்மை ரூபேந்திரனிடம் லோஷினியைக் கைபேசியில் அழைத்து ஒலிபெருக்கியில் போடச் சொன்னார். மறுமுனையில் லோஷினி மருதாணிக் கையோடு கைபேசியைத் தள்ளி வைத்திருக்க வேண்டும். குரல் தூரத்திலிருந்து வந்தது.

“நானா? இல்ல ஆச்சி! அடிக்கத்தான் பிரஷ் எல்லாம் வாங்கிட்டுப் போனேன். அலமாரிய தொறந்தா மூணும் பளபளன்னு நிக்குது. நம்பர் மட்டும் இல்ல. பக்கத்துல ஒரு பையில பழைய டெகால் தூள்தூளா கெடந்துச்சு. அதப் பாத்துத்தான் நம்பர் என்னன்னே கண்டுபிடிச்சேன். பெரியம்மாதான் அடிச்சு வச்சிருக்காங்கன்னு நெனச்சேன். அவங்க இல்லயா?”

ரூபேந்திரன் கைபேசியை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். “தம்பி மகள்ங்கறாரு. மக பெரியம்மாங்கறா. பெரியம்மா மகள்ங்கறாங்க. அப்ப யாருதான் அடிச்சது, பக்கத்து வீட்டுப் பூனையா?”

“இஞ்சின வாசலுக்குக் கொண்டா,” என்றார் நாச்சம்மை.

வெயிலில் வைத்து, முதலில் ஒரு பக்கத்தைக் காட்டினார். அரக்குச் சிவப்பு அடர்த்தியாக இருந்தது. மறுபக்கம் திருப்பினார். அதே சிவப்பு, ஆனால் வெளுத்துப் பழஞ்செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது.

“வெளுத்த பக்கம் ஜன்னலப் பார்த்து நின்ன பக்கம். ரெண்டு நாள்ல எந்தப் பெயிண்டு வெளுக்கும்? இது வருஷக்கணக்கா தெனம் காலை வெயில் குடிச்ச பெயிண்டு ரூபன். அந்த அலமாரி எடம் மாறினது இல்ல. இத்தன வருஷமும் சாவி ஒருத்தர்கிட்டதான் இருந்துச்சு.”

ரூபேந்திரன் வாயைத் திறந்தான்.

“நம்மகிட்ட புகார் குடுத்தவரே…”

“கெளம்பு.”

வழியெல்லாம் அவன் கெஞ்சினான். “ஆச்சி, ஒரே ஒரு பொய். ‘யாருன்னு தெரியல, ஆனா ஒங்க தம்பி இல்ல’ன்னு சொல்லிடுவோம். அவரு கல்யாணத்துக்குப் போயிருவாரு, பொண்ணு சந்தோஷமா கெளம்பும், நமக்கும் விருந்து கெடைக்கும். உண்மையச் சொன்னா எல்லாம் நாசம். ஆன்ட்டி சொன்னாங்கல்ல?”

“உண்மை கேட்டுத்தான் கூப்பிட்டாரு.”

“உண்மை யாருக்கு ஆச்சி வேணும்? கல்யாணச் சாப்பாட்டுல உண்மைய ஊத்தியா பெசஞ்சு சாப்பிட முடியும்?”

ஆச்சி சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். ரூபேந்திரனுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அதனால் கெலாங் பாத்தா வரும்வரை அவன் பேசவில்லை. அவன் பிறந்ததிலிருந்து அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றுதான்.

ஐயாசாமி கூடத்திலேயே காத்திருந்தார். பேச்சியம்மாள் அடுக்களை வாசலில் நின்று ஆச்சியைக் கண்ணாலேயே கும்பிட்டார். நாச்சம்மை பிஸ்கட் டின்னை மேசையில் வைத்தார்.

“பெயிண்ட் அடிச்சது நீங்க. பத்து வருஷமாவது இருக்கும்.”

பேச்சியம்மாளின் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது. ஐயாசாமி டின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“சத்தியம் பண்ண அடுத்த வருஷமே அடிச்சு முடிச்சிட்டேன்,” என்றார் மெதுவாக. “ராவும் பகலுமா அடிச்சேன். நம்பர் ஒட்டினா வேலை முடிஞ்சது. டெகால எடுத்துத் தண்ணியில போட்டேன். பழைய தாள் இல்லயா, அப்பளமா நொறுங்கிப் போச்சு. ரெண்டு மூணு கடையில கேட்டுப் பார்த்தேன். வெள்ள மையில அச்சடிக்க முடியாதுன்னாங்க. ஒருத்தன் பிளாஸ்திரி கனத்துக்கு ஒரு ஸ்டிக்கரக் குடுத்தான். அச்சடிக்கத் தெரிஞ்ச கடை ஒண்ணே ஒண்ணுதான். அது யாரு கடைன்னு ஒங்களுக்கே தெரியும். முடிக்காம அந்த வாசல மிதிக்க முடியாது. அந்த வாசல மிதிக்காம முடிக்க முடியாது.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?” என்றார் பேச்சியம்மாள்.

“எப்படிச் சொல்றது? சோம்பேறின்னு சிரிச்சாக்கூடப் பரவால்ல. சத்தியம் பண்ணித் தானே மாட்டிக்கிட்டான்னு சிரிப்பாங்கல்ல? அதான் பெயிண்டே அடிக்கலன்னு சொல்லிட்டேன்.”

“அப்ப எங்கள எதுக்கு அங்கிள் கூப்பிட்டீங்க?” ரூபேந்திரனால் பொறுக்க முடியவில்லை. “நம்பரப் பார்த்த ஒடனே எந்தக் கடைன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே!”

“கடை தெரிஞ்சது தம்பி. கை தெரியல.” ஐயாசாமி நாச்சம்மையைப் பார்த்தார். “அந்தக் கடையில வேல செய்யறவங்க நாலு பேரு. லோஷினி யாருகிட்ட வேணும்னாலும் குடுத்து ஒட்டியிருக்கலாம். இவகிட்ட கேட்டா, ‘ஆமா ஆமா, கொழுந்தன்தான் ஒட்டினாரு’ம்பா. அந்தப் பிள்ளயும் அதையேதான் சொல்லும். இந்தக் குடும்பத்துல எல்லாரும் எனக்கு நல்லதுக்காகப் பொய் சொல்றவங்க. அதான் பொய் சொல்லாத ஆளாத் தேடினேன். சொல்லுங்க ஆச்சி. அவன் கை இதுல பட்டுச்சா?”

வழியில் ரூபேந்திரன் சொன்ன பொய்யை ஆச்சி சொல்லியிருந்தால், இந்த மனிதர் இங்கேயே செத்துப் போயிருப்பார்.

“கடை ஆளுங்க யாரையும் தொட விடல,” என்றார் நாச்சம்மை. “அவரே அச்சடிச்சாரு. அவரே ஒட்டினாரு. பொட்டு வச்சு, சக்கரத்துக்கு லீமாவ் கஸ்தூரி வச்சு, பூஜையும் போட்டிருக்காரு. கடைசி நம்பர ஒட்டல. அண்ணன் வாக்க அண்ணன்தான் முடிக்கணும்னு சொல்லிக் குடுத்தனுப்பினாரு.”

பிளாஸ்டிக் உறையை மேசையில் வைத்தார். ஐயாசாமி அதை எடுக்கவில்லை. இஞ்சினை எடுத்து மூக்கிலிருந்த சந்தனப் பொட்டைப் பார்த்தார். பிறகு இஞ்சினைத் தலைகீழாகத் திருப்பினார். சக்கரங்களைப் பார்த்தார். முகம் மாறியது.

“இது என்ன கறை?”

“எலுமிச்சைப் புளிப்பு அங்கிள்,” என்றான் ரூபேந்திரன்.

“சக்கரத்துல எலுமிச்சைய வச்சானா? உலோகம் அரிச்சிருமேடா! இருவத்தாறு வருஷமா ஒரு கீறல் இல்லாம வச்சிருக்கேன்… பேச்சி! என் வேட்டிய எடு. ஞாயித்துக்கெழம போயி அவன நேர்ல நாலு வார்த்த கேக்கணும்!”

பேச்சியம்மாள் அழுதுகொண்டே சிரித்தார். வேட்டி ஏற்கெனவே இஸ்திரி போட்டுத் தயாராகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை விஜயன் வீட்டு கேட்டில் வாழை கட்டியிருந்தது. உள்ளே நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் பாடிக்கொண்டிருந்தது. ஐயாசாமி காரை விட்டு இறங்கி, கேட்டுக்கு வெளியே, சாலையிலேயே நின்றார். சொந்தக்காரர்கள் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. கார் முன்மூடியின்மேல் துண்டு விரித்து, பிஸ்கட் டின்னைத் திறந்து, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினார். அழைக்கப்பட்டு வந்திருந்த நாச்சம்மையும் ரூபேந்திரனும் ஓரமாக நின்றார்கள்.

விஜயன் வெளியே வந்தார். அண்ணனைப் பார்த்தார். ஐயாசாமிதான் முதலில் பேசினார்.

“ஏன்டா, எவனாச்சும் இஞ்சின் சக்கரத்துல எலுமிச்சம்பழம் வைப்பானா? தண்டவாளத்துல ஓட்டினா திக்குதுடா!”

“நம்பர் ஒட்டினா வைக்கணும்ணே.”

“வைக்கணுமாம். வந்து பிடி, என் கை ஆடுது.”

விஜயன் ஓடி வந்து இஞ்சினைப் பிடித்துக்கொண்டார். ஐயாசாமி எண்ணைத் தண்ணீரில் நனைத்து, விரல் நுனியில் ஏந்தி, பக்கவாட்டில் இறக்கினார். எண் வழுக்கியது. பிடித்து நிறுத்தினார், துணியால் ஒற்றினார். வாசற்படியில் பட்டுப்புடவையும் பூவுமாக லோஷினி வந்து நின்றாள். யாரும் மூச்சுவிடவில்லை.

“நேரா இருக்காடா?” என்றார் ஐயாசாமி.

விஜயன் குனிந்து பார்த்தார். “நேரா இருக்குண்ணே.”

“பேச்சி?”

“நூல் பிடிச்ச மாதிரி இருக்குங்க.”

ரூபேந்திரன் எட்டிப் பார்த்தான். கடைசி எண் அரிசி மணியளவுக்கு மேலே ஏறியிருந்தது. அவன் அவசரமாகத் தலையாட்டி, “சூப்பர் அங்கிள்” என்றான்.

ஐயாசாமி மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு திரும்பினார். “ஆச்சி, நீங்க சொல்லுங்க. நேரா இருக்கா?”

ரூபேந்திரன் தனக்குத் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டான். ஆச்சி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

“கோணல்ண்ணே,” என்றார். “ஆனா முடிஞ்சிருச்சு.”

ஐயாசாமி சிரித்தார். இஞ்சினைத் தம்பி கையிலேயே விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு, லோஷினியின் கையைப் பிடிக்க உள்ளே போனார்.